பாக் நீரிணையில் நிறுத்தப்படும் படகும் மதுரையில் எழுதப்படும் தாளும்

பாக் நீரிணையில் ஒரு படகைத் தடுத்து நிறுத்தும்போது ஏற்படும் காயம், ராமநாதபுரத்தில் கையாள முடியாததாக இருந்தால், மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கு வரும். கரையில் தீராத சந்தேகம் மனுவாகி, ஒத்தக்கடைக்குப் பக்கத்தில் இருக்கும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு வரும். இரண்டு வாசலுக்கும் நடுவே பத்துக் கிலோமீட்டர்கூடக் கிடையாது. கடலில் சில நிமிடங்களில் முடிந்துபோனதை இந்த இரண்டு இடங்களிலும் மாதக்கணக்கில் தாளில் திரும்பக் கட்டுகிறார்கள். அந்தக் கட்டுமானம் எங்கே நிற்கிறது, எங்கே சரிகிறது என்பதை இரண்டு நிகழ்வுகளை வைத்துப் பார்க்கிறோம்.

2022 அக்டோபர் 21

காரைக்காலிலிருந்து அக்டோபர் 15 அன்று பத்துப் பேருடன் கிளம்பிய விசைப்படகு. 21ஆம் தேதி அதிகாலை இந்திய-இலங்கைக் கடல் எல்லைக்கோட்டை ஒட்டிய கடலில் இருந்தது. ரோந்தில் வந்த இந்தியக் கடற்படைக் கப்பல் அதைச் சந்தேகப் படகு என்று நினைத்தது. பலமுறை எச்சரித்தும் நிற்காததால் விதிமுறைப்படி எச்சரிக்கையாகச் சுட்டதாகக் கடற்படை சொன்னது. மயிலாடுதுறை மாவட்ட மீனவர் ஒருவருக்கு வயிற்றிலும் தொடையிலும் குண்டுக்காயம். கப்பலில் முதலுதவி, ஹெலிகாப்டரில் உச்சிப்புளி கடற்படைத் தளம், அங்கிருந்து ராமநாதபுரம் அரசு மருத்துவமனை, பிறகு சாலை வழியாக மதுரை. கடற்படை விசாரணைக்கு உத்தரவிட்டது, கடலோரக் காவல் நிலையத்தில் வழக்குப் பதிவானது, முதலமைச்சர் நிவாரண நிதியிலிருந்து 2 லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது.

சுட்டதும் நம் கப்பல், சுடப்பட்டதும் நம் படகு. இதை முதலில் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் அதுதான். வழக்கமாக இந்தப் பேச்சு தொடங்கிய ஐந்தாவது நிமிடத்தில் ‘எல்லை தாண்டினாரா இல்லையா’ என்பதில் போய் முட்டிக்கொள்ளும். இந்த நிகழ்வில் அந்தக் கேள்விக்கு வேலையே இல்லை. எந்த நாட்டுக் கொடி என்பதைக் கழித்துவிட்டால் மிச்சம் இருப்பது, ஒரு படகு ஏன் உடனே நிற்பதில்லை, ஒரு கப்பல் ஏன் சுடும் கட்டத்துக்கு வருகிறது என்ற இரண்டு கேள்விகள். இனி வரும் விவரம் அந்த ஒரு படகைப் பற்றியது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்; அந்தக் கடலில் ஓடும் இழுவைமடிப் (கடலடியில் இழுத்துப் போகும் பை வலை) படகுகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

மடி தண்ணீரில் இருக்கும்போது

மடி போட்டு இழுக்கும் படகு மணிக்கு சுமார் இரண்டரைக் கடல்மைல் வேகத்தில் ஊரும். ஒரு கடல்மைல் 1,852 மீட்டர்; அதைக் கடக்க 24 நிமிடம். மூன்று மணி நேரம் ஓர் இழுப்பு என்றால் ஏழரைக் கடல்மைல். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே மொத்தக் கடலே ஏறத்தாழ 16 கடல்மைல்தான், அதில் நம் பங்கு எட்டு. ஆக, ஒரே இழுப்பின் நீளமும் அந்த இடத்தில் நம் கடலின் அகலமும் ஏறத்தாழ ஒன்றுதான். இதிலும் கரையை ஒட்டிய பட்டை நாட்டுப்படகுகளுக்கு உரியது, விசைப்படகு அங்கே மடி போடக் கூடாது. மீதி இடத்தில் நீவாடு (கடல் நீரோட்டம்) குறுக்கே தள்ளினால், ஓட்டுநர் சுக்கானை நேராகப் பிடித்திருந்தாலும் படகு பக்கவாட்டில் நழுவிக்கொண்டே இருக்கும். ஜிபிஎஸ் திரையில் கோடு தெரியும். தெரிந்தே போகிறவர்களும் உண்டு, அதை மறைப்பதில் பயனில்லை. இறால் அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

‘நிறுத்து’ என்ற உத்தரவு வருவது இப்படிப்பட்ட ஒரு படகுக்கு. பாக் விரிகுடாவில் பெரும்பகுதி 10, 12 மீட்டர் ஆழம். மடி தரையில் படிய வேண்டுமானால் ஆழத்தைப்போல் ஐந்தாறு மடங்கு ரோப்பு வெளியே விட வேண்டும். இரண்டு பக்கமும் ரோப்பு, ரோப்பின் முனையில் மடியின் வாயை விரித்துப் பிடிக்கும் பலகை ஒவ்வொன்று, அவற்றுக்குப் பின்னால் மடி. ஓட்டுநர் எஞ்சினை நியூட்ரலில் போட்டால் பலகை இரண்டும் சேற்றில் சாயும், மடி நங்கூரம் போல ஆகிவிடும், படகின் பின்பக்கம் கடலடியோடு கட்டப்பட்டதுபோல் நிற்கும். அலை பின்பக்கத்திலிருந்து ஏறும். திரும்ப எஞ்சினைப் போடும்போது தளர்ந்த ரோப்பு படகைத் தள்ளும் காற்றாடியில் (புரொப்பெல்லரில்) சுற்றிக்கொண்டால் கதை முடிந்தது. இருட்டில் ஒருவர் கத்தியோடு தண்ணீரில் இறங்க வேண்டும்.

ரோப்பைச் சுருட்டும் எந்திரமான வின்ச்சைப் போட்டு மடியை ஏற்றலாம். நல்ல வின்ச்சுக்கும் பத்துப் பதினைந்து நிமிடம் பிடிக்கும். அவ்வளவு நேரமும் ரோப்பு காற்றாடிக்கு வராமல் இருக்கப் படகு மெதுவாக முன்னே போய்க்கொண்டே இருக்க வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது என்னவாகத் தெரியும்? சொல்லியும் கேட்காமல் நகர்ந்துபோகும் படகாகத் தெரியும். ரோந்துக் கப்பலின் குறிப்பேட்டில் அது ‘நிற்கவில்லை’ என்ற ஒரே சொல்லாக ஏறும்.

மூன்றாவது வழி ரோப்பை வெட்டிவிடுவது. படகு உடனே விடுதலை. ஆனால் மடியும் பலகையும் ரோப்பும் முதலாளியின் பணம், ஓட்டுநர் அவரிடம் முன்பணம் வாங்கியவர். வெட்டிவிட்டு வந்தவரைக் கரையில் யாரும் மாலை போட்டு வரவேற்பதில்லை. கடலில் எடுக்கும் முடிவுகளில் பாதி இந்தக் கடன் கணக்கிலிருந்து வருவது. தடுத்து நிறுத்தும் தரப்பின் பயிற்சியில் ‘மடி தண்ணீரில் இருக்கிறதா’ என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும் என்று நாம் சொல்வது இதனால்தான். மடி தண்ணீரில் இருந்தால் 15 நிமிடம் கொடு, ஓரமாகத் தள்ளி நின்று பார். இரண்டரைக் கடல்மைல் வேகத்தில் ஊரும் படகு 15 நிமிடத்தில் 1,200 மீட்டரைக்கூடத் தாண்டாது. ரேடாரை ஏமாற்றி எங்கும் ஓடிவிடாது.

அணைத்த விளக்கு

இரவில் மடி இழுக்கும் படகு மேலே பச்சை, கீழே வெள்ளை என்று சுற்றிலும் தெரியும் இரண்டு விளக்கு எரிய வைக்க வேண்டும் என்பது 1972ஆம் ஆண்டு சர்வதேச மோதல் தடுப்பு விதி. பச்சைக்குப் பதில் சிவப்பு இருந்தால் இழுவை அல்லாத வேறு வலைத் தொழில். இதைப் பார்த்தாலே எதிரில் இருப்பது மீன்பிடிப் படகு என்று கப்பலுக்குத் தெரிந்துவிடும். கோட்டுக்குப் பக்கத்தில் போகும் படகுகள் செய்வது நேர்மாறு, எல்லா விளக்கையும் அணைத்துவிடும். இலங்கைக் கடற்படையின் கண்ணில் படாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. அதே இருட்டுத்தான் இந்திய ரோந்துக் கப்பலுக்குச் சந்தேகக் காரணம் ஆகிறது. பின்னிரவில், விளக்கு இல்லாமல், அடையாளம் எதுவும் அனுப்பாமல், ரேடாரில் ஒரு புள்ளி. கடத்தல் படகும் அப்படித்தான் தெரியும், மீன் படகும் அப்படித்தான் தெரியும்.

சத்தம் இன்னொரு தடை. விசைப்படகின் டீசல் எஞ்சின் ஓடும்போது சுக்கான் அறையில் இருப்பவர் பக்கத்தில் நிற்பவரிடமே கத்தித்தான் பேச வேண்டும். 300 மீட்டருக்கு அப்பால் ஒலிபெருக்கியில் சொல்வது அவர் காதில் விழாது, விழுந்தாலும் என்ன மொழியில் விழுகிறது என்பது அடுத்த சிக்கல். சிங்களத்தில் ‘நவத்தன்ன’ என்றால் நிறுத்து. ராமேஸ்வரம் பக்கத்து ஓட்டுநர்களில் பலருக்கு அது பழகிய சொல். வி.எச்.எப். ரேடியோக் கருவியில் 16ஆம் சேனல் பொதுச் சேனல்; ஆனால் அதைத் திறந்து வைத்தால் தான் இருக்கும் இடம் தெரிந்துவிடும் என்று நினைத்து மூடிவைப்பவர்கள் உண்டு. இது தப்பான நம்பிக்கை. கேட்பதால் மட்டும் யாருக்கும் இடம் தெரியாது, பேசினால்தான் தெரியும்.

உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட ஒரு சைகையும் இருக்கிறது. சர்வதேச சைகைக் குறியீட்டில் ‘எல்’ என்ற எழுத்துக்கு ‘உடனே நிறுத்து’ என்று பொருள். பகலில் அது மஞ்சளும் கறுப்புமாக நான்கு கட்டம் போட்ட கொடி. இரவில் விளக்கால் காட்டுவார்கள்: ஒரு குறுக்கம், ஒரு நெடுக்கம், இரண்டு குறுக்கம். ஒலியிலும் அதே வரிசை. இதைக் கற்றுக்கொள்ள ஓர் ஓட்டுநருக்கு ஐந்து நிமிடம் போதும். கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கொடுக்கும் இடத்தில் ஒரு அட்டையில் வரைந்து மாட்டினால் முடிகிற வேலை. அந்த அட்டை இல்லாத ஊரில், கப்பல் விளக்கை அணைத்து அணைத்துப் போடுவது ‘அவன் நம்மைத் தேடுறான், ஓட்டு’ என்றே புரிந்துகொள்ளப்படும்.

குண்டு எங்கே போகும்

எச்சரிக்கைச் சூடு என்பது படகின் முன்னால் தண்ணீரில் விழ வேண்டிய சூடு. இதில் கணக்கு மிக எளிது. 300 மீட்டரிலிருந்து சுடும்போது குறி ஒரு பாகை விலகினால் குண்டு விழும் இடம் 5 மீட்டருக்கு மேல் விலகும். ரோந்துக் கப்பல் அலையில் ஆடுவது ஒரு பாகையோடு நிற்காது. படகு மொத்தமே 15 மீட்டர் நீளம், முன்தளத்தில் ஆட்கள் படுத்திருப்பார்கள். போதாக்குறைக்கு, தாழ்ந்த கோணத்தில் தண்ணீரில் பட்ட குண்டு மூழ்காமல் தெறித்துப் பறக்கும். சிறுவயதில் கண்மாயில் ஓட்டாஞ்சல்லியைத் தட்டிவிட்ட எவருக்கும் இது புரியும். மரத்தில் பட்டால் சிராய் தனியாகக் கிழிக்கும். ‘எச்சரிக்கையாகத்தான் சுட்டோம்’ என்பதும் ‘ஆள் மேல் பட்டது’ என்பதும் இரண்டுமே ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். அதனாலேயே அது மன்னிக்கத்தக்கதாகிவிடாது. கடல் சட்டத்துக்கான சர்வதேசத் தீர்ப்பாயம் 1999 ஜூலை 1 அன்று ‘சைகா’ கப்பல் வழக்கில் வரிசையைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: முதலில் எல்லோருக்கும் தெரிந்த சைகையில் நிறுத்தச் சொல்ல வேண்டும், பிறகு முகப்புக்குக் குறுக்கே சுடுவது உள்ளிட்ட எச்சரிக்கைகள், எதுவும் பலிக்காதபோது கடைசியாகத்தான் பலம், அதுவும் உரிய எச்சரிக்கை கொடுத்து, உயிருக்கு ஆபத்து வராதபடி.

தடுப்பவர்களும் இருட்டில்தான் இருக்கிறார்கள். 2024 ஜூன் 25 அன்று காங்கேசன்துறைக்கு அப்பால் இந்திய இழுவைப்படகு ஒன்றைப் பிடிக்கும் முயற்சியில் காயப்பட்ட இலங்கைக் கடற்படை மாலுமி உயிரிழந்தார். படகிலிருந்த பத்து மீனவர்கள் கைதானார்கள். நம் பக்கத்தில் இந்தச் செய்தி ஒரு பத்தியில் முடிந்துபோனது. சின்ன அதிவேகப் படகிலிருந்து ஓடும் விசைப்படகின் விளிம்புக்குத் தாவுவது எப்படிப்பட்ட வேலை என்று கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டு தளங்களின் உயரம் வேறு, அலையில் இரண்டும் வெவ்வேறு தாளத்தில் ஏறி இறங்கும், நடுவில் விழுந்தால் இரண்டு படகுகளின் பக்கச்சுவருக்கு இடையில் நசுங்க வேண்டும். விசைப்படகு வளைந்து வளைந்து ஓடினால் தாவுகிறவருக்கு ஆபத்து பல மடங்கு. படையினர் தாவி ஏறும் நேரத்தில் படகில் இருப்பவர்கள் செய்யக்கூடியது: விளக்கு எல்லாவற்றையும் போடுவது, சுக்கானை ஒரே திசையில் பிடிப்பது, வின்ச்சை நிறுத்தி ரோப்பைக் கட்டையில் கட்டிவிடுவது, ஓட்டுநர் தவிர எல்லோரும் முன்தளத்தில் கை தெரிய உட்காருவது. வீரம் காட்ட அது இடமில்லை.

அந்தப் பக்கத்து மீனவரையும் கணக்கில் சேர்க்காமல் இதை முடிக்க முடியாது. போர் முடிந்த 2009 வரை வடமாகாண மீனவர்களால் இந்தக் கடலில் சரிவர இறங்கவே முடியவில்லை. திரும்பி வந்து கடனில் வாங்கிய வலையை இரவில் விரித்துவிட்டுப் போனால், காலையில் இழுவைப்படகு ஓடிய தடத்தில் அது கிழிந்து கிடக்கும். இலங்கை 2017இல் கடலடி இழுவைத் தொழிலையே சட்டம் போட்டுத் தடை செய்தது, 2018இல் வெளிநாட்டுப் படகுகளுக்கான அபராதத்தைப் பல மடங்கு உயர்த்தியது. அந்தச் சட்டங்களுக்குப் பின்னால் யாழ்ப்பாணத்துத் தமிழ் மீனவர்களின் கோரிக்கையும் இருந்தது என்பதை இங்கே மேடையில் யாரும் சொல்வதில்லை.

கோடு பற்றிச் சுருக்கமாக

தகராறுக் கடல் என்ற சொல் இங்கே ஓரளவுதான் பொருந்தும். 1974 ஜூன் ஒப்பந்தம் கோட்டைப் போட்டுவிட்டது, அது கச்சத்தீவுக்கு மேற்கே ஒரு கடல்மைல் அளவில் ஓடுகிறது. சண்டை இருப்பது அதன் 5, 6ஆம் பிரிவுகளில் சொன்ன வழிவழி உரிமையில் மீன்பிடிப்பும் அடங்குமா என்பதிலும், 1976 மார்ச் கடிதப் பரிமாற்றம் அதை எடுத்துவிட்டதா என்பதிலும்தான். வழக்கறிஞர்கள் அடிக்கடி தவறவிடும் ஒரு நுணுக்கம் உண்டு. ஐ.நா. கடல் சட்டத்தின் 73ஆம் பிரிவு, தனிப் பொருளாதார மண்டலத்தில் (முழு இறையாண்மை இல்லாமல், கடல் வளத்தில் மட்டும் ஒரு நாட்டுக்கு உரிமை உள்ள கடலில்) மீன்பிடிச் சட்டத்தை மீறியவருக்கு, நாடுகளுக்குள் வேறு உடன்பாடு இல்லாதவரை, சிறைத்தண்டனை கூடாது என்கிறது. இதைக் காட்டி மனு எழுதினால் எதிர்வாதம் சுலபம்: 1974 ஒப்பந்தம் பாக் நீரிணையை ‘வரலாற்று நீர்ப்பரப்பு’ என்கிறது, கோட்டுக்கு அந்தப் பக்கம் முழு இறையாண்மை. பொருளாதார மண்டலத்துக்கான பாதுகாப்பு அங்கே அப்படியே ஒட்டாது. இலங்கையின் ஊர்காவற்றுறை, மன்னார் நீதிமன்றங்களில் ஓட்டுநர்களுக்கும் இரண்டாம் முறை பிடிபட்டவர்களுக்கும் சிறைத்தண்டனை விழுவது இந்தப் பின்னணியில்தான்.

முதல் தாள்

காயம்பட்டவர் மருத்துவமனைக்குள் நுழைந்ததும் எழுதப்படுவது விபத்துப் பதிவேடு. எல்லோரும் ஏ.ஆர். காப்பி என்பார்கள். அதில் ‘எப்படி ஏற்பட்டது’ என்ற வரி மருத்துவரின் முடிவு கிடையாது. கூட வந்தவர் சொல்வதைக் கேட்டு எழுதுவது. கூட வந்தவர் படகில் இல்லாதவராக இருந்தால் தப்பு அங்கேயே தொடங்கும். ‘கடலில் விழுந்து அடி’ என்று ஒருமுறை எழுதிவிட்டால், ஆறு மாதம் கழித்து நீதிமன்றத்தில் ‘சுட்டார்கள்’, ‘மோதினார்கள்’ என்று நிறுவுவது மலையைப் புரட்டும் வேலை. எங்கே, எத்தனை மணிக்கு, எந்த ஆயுதம் அல்லது எந்தக் கப்பல், எவ்வளவு தூரம் என்று நான்கு விவரமும் அதில் வர வேண்டும். நேரில் பார்த்த ஒருவரை ஆம்புலன்ஸில் ஏற்றிவிட வேண்டும், மற்றவர்கள் பிறகு வரலாம்.

உடுப்பை வீசக் கூடாது. ராமநாதபுரத்தில் கத்தரித்து எடுத்த சட்டையும் கைலியும் மதுரைக்கு வருவதற்குள் காணாமல் போவது சர்வசாதாரணம். குண்டு துளைத்த துணி, எவ்வளவு தூரத்திலிருந்து சுட்டார்கள் என்பதைச் சொல்லும் சாட்சி. காயவைத்துக் காகிதப் பையில் போட வேண்டும், பிளாஸ்டிக்கில் போட்டால் ஈரத்தில் அழுகிவிடும். உடலிலிருந்து எடுத்த குண்டுத் துண்டு மருத்துவமனை முத்திரையோடு காவல்துறைக்குத்தான் போக வேண்டும், உறவினர் கையில் கொடுக்கக் கூடாது, வாங்கவும் கூடாது. படகில் இருக்கும்போதே செய்ய வேண்டியது அதைவிட எளிது: வயிற்றில் காயம் என்றால் தாகம் என்று எவ்வளவு கேட்டாலும் குடிக்கத் தண்ணீர் தரக் கூடாது, சுத்தமான துணியை வைத்து அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், உள்ளே பதிந்ததைப் பிடுங்கக் கூடாது. இந்தியக் கடலோரக் காவல்படைக்கு 1554, தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. அழைத்த நேரம் கைபேசியில் நின்றுவிடும், அதுவும் ஒரு சாட்சிதான்.

ஜிபிஎஸ் கருவி இன்னொன்று. படகு ஓடிய தடம் அதில் கோடாகச் சேர்ந்திருக்கும். அடுத்த தங்கல் பயணத்துக்கு அதே கருவியோடு போனால் பழைய தடம் அழிந்து புதியது ஏறிவிடும். சம்பவம் நடந்த படகின் கருவியைக் கழற்றி, படகின் பதிவெண்ணோடு மகஜரில் (பொருளைக் கைப்பற்றியதற்கான பதிவில்) ஏற்றிக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். முதலாளிகள் இதற்குத் தயங்குவார்கள். தடம் கோட்டைத் தாண்டியதைக் காட்டிவிட்டால் டோக்கன் போய்விடுமோ என்ற பயம். பயம் நியாயம்தான். ஆனால் கோட்டைத் தாண்டியது மீன்வளச் சட்டக் குற்றம், ஆள் மேல் சுட்டதும் மோதிக் கவிழ்த்ததும் வேறு. ஒன்றை மறைக்கப் போய் இன்னொன்றின் சாட்சியை அழித்துக்கொள்கிறார்கள்.

2021: கோட்டைப்பட்டினம்

இரண்டாவது நிகழ்வில் கடலோரத்துக் கல்லறைத் தோட்டமே ஆய்வுக்கூடமானது. 2021 அக்டோபரில் புதுக்கோட்டை மாவட்டம் கோட்டைப்பட்டினத்திலிருந்து மூன்று பேரோடு போன விசைப்படகு இலங்கைக் கடற்படைக் கலத்தோடு மோதி மூழ்கியது. இரண்டு பேர் உயிரோடு பிடிபட்டார்கள், ஒருவர் இறந்தார். உடல் நடுக்கடலில் ஒப்படைக்கப்பட்டு ஊர் வந்து அடக்கமானது. மரணத்தில் சந்தேகம் இருப்பதாக மனைவி மதுரைக் கிளைக்கு வந்தார். நீதிமன்றம் உடலைத் தோண்டி எடுத்து மறு பிரேதப் பரிசோதனை செய்ய உத்தரவிட்டது.

தோண்டி எடுத்த உடல் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை மனு போடும் குடும்பத்துக்கு முன்கூட்டியே யாராவது சொல்ல வேண்டும். உடலுக்குள் உலோகம் இருந்தால் எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும். எலும்பு முறிவு மாதங்கள் கழித்தும் அப்படியே இருக்கும். கப்பல் முகப்பு மோதியதா என்பதற்கு விலா, இடுப்பு, மண்டை மூன்றும் பேசும். ஆனால் மூழ்கி இறந்ததன் அடையாளங்கள், மூச்சுக்குழாய் நுரையும் நுரையீரல் ஊதலும், சில நாட்களிலேயே போய்விடும். எலும்பு மஜ்ஜையில் கடல்நீரின் நுண்பாசி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை ஒன்றுதான் கொஞ்சம் மிச்சம், அதையும் முடிந்த முடிவாகக் கொள்ள முடியாது. தோல் கன்றியிருந்ததா என்பது அழுகலில் கலந்துவிடும். மீன் கொத்தியதும் காற்றாடி வெட்டியதும் உயிரோடு இருந்தபோது பட்ட காயமும் பழக்கமில்லாத கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றும். முதல் பரிசோதனையில் ஏற்கெனவே கீறியிருப்பார்கள் என்பதால் யாழ்ப்பாணத்து அறிக்கை கையில் இல்லாமல் இரண்டாவதைச் செய்வது பாதிக் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பதற்குச் சமம். கேட்க வேண்டியதை அடக்கத்துக்கு முன்பே கேட்டுவிட வேண்டும்: உடல் கரையேறும் இடத்திலேயே வட்டாட்சியர் முன்னிலையில் பெட்டியைத் திறந்து, முழு உடல் எக்ஸ்ரே எடுத்து, வீடியோ பதிவோடு ஒப்படைக்கச் சொல்லி எழுத்தில் மனு. கூட்டமும் அழுகையும் வெயிலும் நெருக்கும் அந்தச் சில மணி நேரத்தில் இதை யாரும் நினைப்பதில்லை. நினைக்க வேண்டியது சங்கத்துக்காரர்களின் வேலை, வீட்டாரின் வேலை இல்லை.

மோதல் வழக்குகள் நிற்காமல் போவதற்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு: படகு கடலடியில் கிடக்கிறது. 2021 ஜனவரியில் இதே கோட்டைப்பட்டினத்திலிருந்து போன நான்கு பேர் நெடுந்தீவுக்கு அருகே மோதலில் இறந்தார்கள், படகு மூழ்கியது, சாட்சி சொல்ல ஒருவரும் மிஞ்சவில்லை. 2024 ஆகஸ்ட் 1 அன்று ராமேஸ்வரம் படகு மூழ்கி ஒருவர் இறந்தார், ஒருவர் காணாமல் போனார். எந்தப் பக்கம் மோதியது, எந்தக் கோணத்தில், எந்த உயரத்தில் என்பதைச் சொல்லக்கூடிய பலகைகள் அந்தப் பக்கத்து நீரில் இருக்கின்றன.

ஒப்பிட ஒரு வழக்கு இருக்கிறது. 2012 பிப்ரவரி 15 அன்று கேரளக் கடலில் இத்தாலி எண்ணெய்க் கப்பலிலிருந்த கடற்படையினர் சுட்டதில் இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். ஒருவர் கொல்லம், மற்றவர் கன்னியாகுமரி மாவட்டம். படகு கரை திரும்பியது, குண்டுத் தடங்களோடு சான்றுப் பொருளானது. கப்பல் கொச்சிக்குக் கொண்டுவரப்பட்டது, துப்பாக்கிகள் கைப்பற்றப்பட்டன. ஒன்பது ஆண்டு இழுபறிக்குப் பிறகு 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்தபோது இழப்பீடு 10 கோடி ரூபாய்: குடும்பத்துக்குத் தலா 4 கோடி, படகு உரிமையாளருக்கு 2 கோடி. இத்தாலி பணக்கார நாடு, கப்பல் வணிகக் கப்பல், அரசியல் வேறு என்பதெல்லாம் சரி. அதோடு, அங்கே படகும் துப்பாக்கியும் ஆளும் ஒரே துறைமுகத்தில் இருந்தன. 2022 நிகழ்விலும் படகு கரைக்கு வந்தது, சுட்டது யார் என்பதில் மறுப்பில்லை, காயம் மதுரையில் பதிவானது. அந்த மூன்றும் இருந்தும் அறிவிப்பு 2 லட்சத்தில் நின்றது. சொந்த நாட்டுக் கப்பல் என்றால் எதிர்த்தரப்பு எது என்பதே குழப்பம். படைத்தரப்பினர் மீது வழக்கு நடத்த அரசின் முன் அனுமதி என்ற சுவர் வேறு.

காணாமல் போனவர்

இறந்தவரைவிடக் காணாமல் போனவரின் குடும்பத்துக்குத் தாள் வேலை அதிகம். உடல் இல்லை என்றால் இறப்புச் சான்றிதழ் இல்லை. சாட்சியச் சட்டத்தின் பழைய 108ஆம் பிரிவுப்படியும், 2024 ஜூலை முதல் வந்த புதிய சட்டத்தின் 111ஆம் பிரிவுப்படியும், ஏழு ஆண்டு ஒருவரைப் பற்றித் தகவலே இல்லாவிட்டால்தான் இறந்ததாகக் கொள்ளலாம். அதுவரை காப்பீடு, வங்கிக் கணக்கு, வாரிசுச் சான்று, விதவை உதவித்தொகை எல்லாமே தொங்கலில். 2017 ஒக்கிப் புயலில் காணாமல் போனவர்களுக்கு அரசு சிறப்பு ஆணை போட்டு இந்தக் காத்திருப்பைத் தளர்த்தி, குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் கொடுத்தது. நூற்றுக்கணக்கானவர் ஒரே நாளில் போனதால் கிடைத்த தளர்வு அது. தடுத்து நிறுத்தலில் ஒருவராக, இருவராகக் காணாமல் போகிறவர்களுக்கு அப்படி ஆணை வருவதில்லை.

இருந்தாலும் வழி இருக்கிறது. காணாமல் போன அன்றே கடலோரக் காவல் நிலையத்தில் ‘ஆள் காணவில்லை’ என்று மட்டும் எழுதிக்கொடுக்காமல், எந்தப் படகில், எந்த டோக்கனில், எந்த இடத்தில், எதோடு மோதி என்று சம்பவத்தையே புகாராகப் பதிய வைக்க வேண்டும். உயிர் தப்பிய சகதொழிலாளிகள் விடுதலையாகி வந்த வாரத்திலேயே அவர்களிடம் தனித்தனியாகப் பிரமாண வாக்குமூலம் வாங்க வேண்டும். நாள் ஆக ஆக எல்லோரும் சொல்வதும் ஒன்றுபோல் ஆகிவிடும், அப்புறம் அதற்கு மதிப்பில்லை. கடலோரக் காவல்படை எத்தனை நாள், எந்தப் பரப்பில் தேடியது என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்க வேண்டும். இந்த மூன்றையும் சேர்த்து, ஏழு ஆண்டு காக்க வைக்காமல் இறந்ததாக அறிவிக்கக் கோரி மனு போடலாம். ராமநாதபுரம், புதுக்கோட்டைக்காரர்கள் அதை ஒத்தக்கடையில் போடலாம். மயிலாடுதுறை, நாகப்பட்டினக்காரர்கள், சிகிச்சை மதுரையில் நடந்திருந்தாலும், சென்னைக்குத்தான் போக வேண்டியிருக்கும்.